தோல்விச் சுட்டியை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

ஒரு நீண்ட உரைக்குள் ஒரு சொல்லைத் தேடுவது கணினியியலில் எப்போதோ தீர்ந்துபோன கணக்கு. பல இலட்சம் சொற்களை ஒரே ஓட்டத்தில் தேடுவதற்கும் 1975-இலேயே நல்ல வழி கிடைத்துவிட்டது. ஆனால் தேட வேண்டிய சொற்களின் பட்டியல் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும், தேடும் வேலையையும் செயலிக்குள் தனித்தனியாக இயங்கும் பல கோர்களோ, ஒரு கிராபிக்ஸ் அட்டையில் ஒரே நேரத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான சிறு வேலைகளான இழைகளோ பங்கிட்டுச் செய்ய வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துவிட்டால், அந்த நல்ல வழி இரண்டு இடங்களிலும் இடறுகிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள், வலையமைப்பில் நுழையும் தாக்குதல்களைக் கண்காணிக்கும் ஸ்னார்ட் போன்ற கருவிகள், குப்பை அஞ்சலை வடிகட்டும் சேவைகள் ஆகிய எல்லாவற்றுக்குள்ளும் இந்தக் கணக்கு இருக்கிறது. என்னிடம் இது வந்து சேர்ந்த வழி இன்னும் சாதாரணமானது. தமிழ்ச் செய்திகளின் பெரிய ஆவணத்தில் ஆட்பெயர், ஊர்ப்பெயர், அமைப்புகளின் பெயர் ஆகியவற்றை அடையாளமிடும் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலையின் ஒரு பகுதி. வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் ஆயிரக்கணக்கான புதிய பெயர்கள் ஒன்றாக உள்ளே வரும், சில பழைய பெயர்கள் விலகும், உரையோ எதற்காகவும் காத்திருக்காமல் வந்துகொண்டே இருக்கும்.

இத்துறைக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்ததில் என் மனத்தில் உறுதிப்பட்ட ஒரு கருத்தை இங்கே எழுதிவைக்கிறேன். பட்டியலை எளிதாக மாற்ற முடியாததும், வேலையை மிக நுண்ணிய கூறுகளாகப் பங்கிட முடியாததும் வெவ்வேறு சிக்கல்களாகத் தோன்றினாலும், இரண்டும் அந்த 1975-ஆம் ஆண்டு முறையின் ஒரே உறுப்பிலிருந்து பிறக்கின்றன. அந்த முறைக்கு அழகு சேர்ப்பதும் அதே உறுப்புதான்.

ஆல்ஃபிரட் ஆஹோவும் மார்கரெட் கோராசிக்கும் பெல் ஆய்வகத்தில் நூற்பட்டியல் தேடலுக்காக அந்த முறையை வகுத்தார்கள். நூலகத் தேடல் நிரல் ஒன்று இதனால் 5 முதல் 10 மடங்கு வேகம் பெற்றது என்று கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். யூனிக்ஸின் எஃப்கிரெப் கட்டளைக்குள் இயங்கியது இந்த முறைதான். முதலில் எல்லாத் தேடுசொற்களையும், பொதுவான முன்பகுதிகளைப் பகிர்ந்துகொள்ளும்படி, ஒரு முன்னொட்டு மரமாக அடுக்க வேண்டும். அந்த மரத்தின் ஒவ்வொரு கணுவும் ஒரு நிலை. பிறகு ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஒரு தோல்விச் சுட்டியை வரைய வேண்டும். இதுவரை படித்த எழுத்துகளின் கடைசிப் பகுதிகளுள், வேறு ஏதேனும் ஒரு தேடுசொல்லின் தொடக்கமாக இருக்கக்கூடிய மிக நீண்ட பகுதி எதுவோ, அதன் நிலையை அந்தச் சுட்டி காட்டும். நிலைகளும் சுட்டிகளும் சேர்ந்த இந்த அமைப்பைத்தான் ஆஹோ–கோராசிக் ஆட்டோமேட்டன் என்கிறார்கள்.

மணிமேகலை, மேகம், கலைஞன் என்று மூன்று சொற்கள் பட்டியலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உரையில் ‘மணிமேகம்’ என்று வருகிறது. ‘மணிமேக’ வரை முதல் சொல்லின் பாதையிலேயே செல்கிறோம். அடுத்து ‘ம்’ வந்ததும் பாதை முடிகிறது. உரையில் பின்னே திரும்பிப் படிக்க வேண்டியதில்லை. தோல்விச் சுட்டி நம்மை ‘மேக’ என்ற நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறது, அங்கிருந்து ‘ம்’ சேர்ந்து ‘மேகம்’ கிடைத்துவிடுகிறது. ‘மணிமேகலை’ முழுவதும் வந்திருந்தால், அந்த முடிவு நிலையின் தோல்விச் சுட்டி ‘கலைஞன்’ பாதையிலுள்ள ‘கலை’யைக் காட்டும். உரையின் ஒவ்வோர் எழுத்தும் ஒரே முறைதான் படிக்கப்படுகிறது. ஓர் ஓட்டத்தின் மொத்தச் செலவு, உரையின் நீளத்தையும் கிடைத்த விடைகளின் எண்ணிக்கையையும் கூட்டிய அளவுதான். பட்டியலில் பத்துச் சொற்கள் இருந்தாலும் பத்து இலட்சம் இருந்தாலும் அது மாறுவதில்லை.

இப்போது பட்டியலை மாற்றிப் பார்க்கலாம். ‘மேகலை’ என்ற பெயரைச் சேர்க்கிறோம். மரத்தில் சேரும் புதிய கணு ஒன்றே ஒன்று. ஆனால் ‘மணிமேகலை’யின் தோல்விச் சுட்டி இனிமேல் ‘கலை’யைக் காட்டக் கூடாது, ‘மேகலை’யைக் காட்ட வேண்டும். மரத்தின் இன்னொரு கிளையில், நாம் தொட்டிராத ஒரு நிலையில், சுட்டி மாறுகிறது. அடுத்து ‘கலை’ என்ற சொல்லைச் சேர்க்கிறோம். இப்போது புதிய கணு ஒன்றுகூடத் தேவையில்லை, இருக்கும் கணு ஒன்றுக்கு ‘இது முழுச்சொல்’ என்ற குறி மட்டுமே போதும். எனினும் சிற்பக்கலை, சமையற்கலை என்று ‘கலை’யில் முடியும் நிலை எத்தனை உண்டோ அத்தனையும் இனி இந்தச் சிறு சொல்லையும் அறிவிக்க வேண்டும். ஒரு குறுஞ்சொல் நுழைந்தால் ஆயிரம் நிலைகள் அசையலாம். வேகத்துக்காகத் தோல்விச் சுட்டிகளை முன்கூட்டியே விரித்து, ஒவ்வொரு நிலைக்கும் 256 பைட் மதிப்புகளுக்கான நேரடி அட்டவணையை எழுதிவைத்திருந்தால் அசைவு இன்னும் பெரிது. ஒவ்வொரு கட்டமும் 4 பைட் என்றால் ஒரு நிலைக்கு 1024 பைட் ஆகும். ஒரு கோடி நிலைகளுக்குப் பத்து ஜிகாபைட்டைத் தாண்டும். அவ்வளவு பெரிய அட்டவணையில் எந்தெந்தக் கட்டங்கள் மாறின என்று தேடித் திருத்துவதைவிட முழுவதையும் புதிதாகக் கட்டுவதே மேல் என்று பெரும்பாலானவர்கள் முடிவு செய்வதில் வியப்பில்லை. இன்டெல் நிறுவனம் 2015-இல் திறமூலமாக வெளியிட்ட ஹைப்பர்ஸ்கேன் என்ற தேடல் நிரல் நூலகம், மிக நுட்பமான பொறியியலாக இருந்தும், ஒருமுறை கட்டிய தொகுப்பில் ஒரு சொல்லைக்கூடப் பிறகு சேர்க்க விடுவதில்லை. சேர்க்க வேண்டுமென்றால் மறுபடியும் கட்ட வேண்டியதுதான்.

மாறும் பட்டியலைத் தனிக் கணக்காக எடுத்து ஆராய்ந்தவர்களுள் அமிஹுத் அமீரும் மார்ட்டின் ஃபராக்கும் முன்னோடிகள். அவர்களுடைய முதல் கட்டுரை 1991-இல் வந்தது. 1994-இல் கலீல், ஜியான்கார்லோ, பார்க் ஆகியோருடன் சேர்ந்து அதை விரிவாக எழுதினார்கள். அவர்கள் தோல்விச் சுட்டிகளைப் பராமரிக்க முயலாமல், தேடுசொற்களின் எல்லாக் கடைப்பகுதிகளையும் அடுக்கும் பின்னொட்டு மரம் என்ற வேறொரு அமைப்பில் அவற்றை வைத்தார்கள். சேர்ப்பதும் நீக்குவதும் அதில் அந்தச் சொல்லின் நீளத்துக்கேற்ற கணுக்களோடு முடிந்துவிடும். அதற்கு ஈடாக, உரையின் ஒவ்வோர் எழுத்துக்கும் பட்டியலின் மொத்த அளவுடைய மடக்கை அளவுக்குச் செலவு கூடுகிறது. மாற்றத்தை அனுமதிப்பதற்கு ஒரு மடக்கைதான் விலை என்றால் அது மலிவுதான் என்பது என் எண்ணம்.

இனி இணையாகச் செய்வதைப் பார்ப்போம். இங்கே பலர் ஒரு எளிய உண்மையைச் சொல்லாமலே கோட்பாட்டுக்குள் போய்விடுகிறார்கள். ஆஹோ–கோராசிக் ஆட்டோமேட்டனின் நிலை, தோற்றத்துக்கு உரையின் முழு வரலாற்றையும் சார்ந்ததுபோல் இருந்தாலும், உண்மையில் கடைசியாகப் படித்த சில எழுத்துகளை மட்டுமே சார்ந்தது. அந்தச் ‘சில’ என்பது பட்டியலிலுள்ள மிக நீண்ட சொல்லின் நீளம். ஆகவே உரையைப் பதினாறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டுக்குள் மிக நீண்ட சொல்லின் நீளத்தில் ஒன்று குறைந்த அளவுக்கு நீட்டிப் படிக்கும்படி செய்தால், பதினாறு கோர்களும் ஒன்றையொன்று கேட்காமல் வேலை செய்யலாம். ஒரு மெகாபைட் துண்டில் சில நூறு பைட்களை இருமுறை படிப்பது செலவே அல்ல. உங்கள் பட்டியல் மாறாதது, உங்களிடம் இருப்பவை பத்து இருபது கோர்கள் என்றால், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம்.

கோர்களின் எண்ணிக்கை ஆயிரங்களாகும்போதுதான் கதை மாறுகிறது. துண்டுகள் சிறுத்துச் சிறுத்து, நீட்டிப் படிக்கும் பகுதி துண்டையே விஞ்சிவிடும். கோட்பாட்டாளர்கள் இந்த எல்லையைத்தான் எடுத்த எடுப்பில் கற்பனை செய்கிறார்கள். ஃபார்ச்சூனும் வைலியும் 1978-இல் வரையறுத்த பி-ரேம் என்ற கற்பனைக் கணினியில் வேண்டிய அளவு செயலிகள் உண்டு. அவை எல்லாமே ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும். உரையில் எத்தனை எழுத்துகள் உண்டோ அத்தனை செயலிகள் இருந்தால் எத்தனை சுற்றுகளில் முடியும், எல்லாச் செயலிகளும் சேர்ந்து செய்யும் மொத்த வேலை எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளையும் அங்கே ஒன்றாகக் கேட்கிறோம். இரண்டாவது கேள்வியை மறந்துவிட்டு முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்வது எளிது, பயனற்றதும்கூட.

ஆட்டோமேட்டனை வைத்துக்கொண்டே இதைச் செய்ய ஒரு பொதுவழி உண்டு. ஒவ்வோர் எழுத்தையும் ‘எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு’ என்ற சார்பாகக் கருதினால், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளின் சார்புகளை ஒன்றாக இணைக்கலாம். அந்த இணைப்பை எந்த அடைப்புக்குறி வரிசையில் செய்தாலும் விடை ஒன்றே என்பதால், லாட்னரும் ஃபிஷரும் 1980-இல் காட்டிய, அருகருகானவற்றை இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே போகும் முன்தொகை முறைப்படி, எழுத்துகளின் எண்ணிக்கையுடைய மடக்கை அளவு சுற்றுகளில் முழு உரையையும் முடிக்கலாம். ஆனால் ஒரு சார்பை எழுதிவைக்கவே நிலைகளின் எண்ணிக்கை அளவுக்கு இடம் வேண்டும். பத்து நிலைகள் கொண்ட சிறிய ஆட்டோமேட்டனுக்கு இது மிக நல்ல வழி. ஒரு கோடி நிலைகளுக்கு இதைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

ஒரே ஒரு தேடுசொல் என்றால் நிலைமை வேறு. கலீல் 1984-இலும் விஷ்கின் 1985-இலும் தந்த இணைமுறைகள் ஆட்டோமேட்டனை அறவே தொடவில்லை. சொல் தொடங்கக்கூடிய இரண்டு அருகருகான இடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையென்றால், ஒரே ஓர் எழுத்தைப் பார்த்து அவற்றுள் ஒன்றையாவது வெளியேற்றிவிடலாம் என்பது விஷ்கினின் கருத்து. அவர் அதை ‘டூயல்’, அதாவது இருவர் சண்டை, என்று அழைத்தார். 1990-இல் பிரெஸ்லாவரும் கலீலும் தேடலை மடக்கையின் மடக்கை அளவு சுற்றுகளுக்குக் குறைத்தார்கள். தேடுசொல்லை முன்கூட்டியே ஆராய்ந்துவைத்துவிட்டால், உரையைத் தேடுவதை மாறிலி எண்ணிக்கையிலான சுற்றுகளிலேயே முடிக்கலாம் என்று கலீல் 1992-இல் காட்டினார். படிக்கப் படிக்கச் சுவையான வரலாறு அது. ஆனால் அந்தச் சண்டையின் விதிகள் ஒரே சொல் தன்மீதே படியும் விதத்திலிருந்து வருபவை. பல இலட்சம் சொற்கள் இருக்கும்போது ஒவ்வோர் இணைக்கும் விதி எழுதிவைக்க முடியாது.

வன்பொருள்காரர்கள் கோட்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிராபிக்ஸ் அட்டைகளுக்காக வந்த முறை ஒன்றின் பெயரே எனக்குப் பிடித்தது: பிஃபாக், அதாவது தோல்விச் சுட்டி இல்லாத இணை ஆஹோ–கோராசிக். உரையின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் இழை. ஒவ்வோர் இழையும் தன் பைட்டில் தொடங்கும் சொற்களை மட்டும் முன்னொட்டு மரத்தில் தேடுகிறது. பாதை முடிந்ததும் இறந்துவிடுகிறது. வேறு எங்கும் தாவ வேண்டியதில்லை, ஏனென்றால் தாவிச் சேர வேண்டிய இடத்தில் ஏற்கெனவே இன்னோர் இழை தொடங்கியிருக்கிறது. தோல்விச் சுட்டியை நீக்கியதால் வேலை இணையானது என்பதை மட்டுமே அந்தக் கட்டுரைகள் பேசுகின்றன. ஆனால் சுட்டியை நீக்கியதும் பட்டியலை மாற்றுவதும் எளிதாகிவிட்டதைக் கவனியுங்கள். ‘மேகலை’யைச் சேர்க்க இப்போது அதன் சொந்தப் பாதையை மட்டும் எழுதினால் போதும், ‘மணிமேகலை’ பக்கம் போக வேண்டியதே இல்லை. உரையின் இடப்பக்கத்தை நினைவில் வைத்திருப்பதற்காக வரைந்த அதே கோடுதான் ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடு கட்டிப்போட்டிருந்தது. அதை அறுத்ததும் இரண்டு கட்டுகளும் ஒன்றாக அவிழ்கின்றன.

விலையும் உண்டு. மோசமான உரையில் ஒவ்வோர் இழையும் மிக நீண்ட சொல்லின் நீளம்வரை நடக்கலாம். ஆங்கில உரையில் பெரும்பாலான இழைகள் ஓரிரு பைட்டில் இறந்துவிடுவதால் அந்த விலை கண்ணில் படுவதில்லை. தமிழ் உரையில் படும். எழுத்துகளைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளியும், அதாவது யூனிகோட் ஓர் எழுத்துக்கோ குறிக்கோ தரும் எண்ணும், மூன்று பைட் எடுக்கிறது. முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ‘க’ என்பது 224, 174, 149. ஆகவே மூன்றில் இரண்டு இழைகள் பிறந்த உடனே இறக்கின்றன; மீதமுள்ள இழைகளோ, எந்தச் சொல்லைத் தேடினாலும் சரி, முதல் இரண்டு பைட்டில் ஏறக்குறைய ஒன்றையும் கழிக்க முடியாமல் மூன்றாவது பைட்டுக்குப் போகின்றன. என்விடியா அட்டைகளில் 32 இழைகள் ஒரே கட்டாக நகர்வதால், கட்டில் மிக நீண்ட நாள் வாழும் இழைதான் முழுக் கட்டின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. சொல்லின் முதல் பைட்டைப் பார்த்து ஆரம்பத்திலேயே வடிகட்டும் உத்திகளுக்கும் இதே கதிதான். தமிழுக்கு யூனிகோட் ஒதுக்கிய முதன்மைப் பகுதி 128 இடங்கள் மட்டுமே என்பதால், தேடுவதற்கு முன்பு ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியையும் ஒரே பைட்டாக மாற்றிக்கொள்வது நல்லது. ‘ொ’ போன்ற குறிகளை ஒரே புள்ளியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம் என்பதால், அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதையும் அதே மாற்றத்தோடு செய்துவிடலாம். இந்த மாற்றம் முழுவதும் இணையாக நடக்கக்கூடியது.

நீண்ட சொற்களுக்காக இழைகள் நெடுந்தூரம் நடப்பதைத் தவிர்க்க, இன்னும் பழைய கருத்து ஒன்று உதவுகிறது. கார்ப், மில்லர், ரோசன்பர்க் ஆகிய மூவரும் 1972-இல் எழுதிய கட்டுரையில், ஒரே மாதிரியான துணைத்தொடர்களுக்கு ஒரே எண்ணைப் பெயராக இட்டார்கள். ஓரெழுத்துகளுக்குப் பெயர் இருந்தால், இரண்டு பெயர்களின் சோடிக்கு ஒரு புதுப்பெயர் இட்டு ஈரெழுத்துத் தொடர்களுக்குப் பெயர் பெறலாம். அதையே மறுபடி செய்து 4, 8, 16 என்று இரட்டிப்பாக்கலாம். 64 எழுத்து நீளச் சொல்லுக்கு ஓரெழுத்து அடுக்கையும் சேர்த்து ஏழு அடுக்குகள் போதும். இணைமுறை எழுதுபவர்கள் இதை ஏன் விரும்புகிறார்கள் என்பது எளிதில் புரியும்: ஓர் அடுக்கில் எல்லாப் பெயர்களையும் ஒரே சுற்றில் இட்டுவிடலாம்.

பட்டியலுக்கு இதைப் பொருத்துவது இப்படி. ஒவ்வொரு தேடுசொல்லையும் அதன் தொடக்கத்திலிருந்து, இரண்டின் அடுக்கு நீளங்களில் ஒழுங்காக வெட்டி, துண்டுகளுக்குப் பெயரிட்டு, எதையும் நேராக எட்டிப் பார்க்க உதவும் ஹாஷ் அட்டவணையில் வைக்கிறோம். முதல் அடுக்கில் துண்டுகளின் எண்ணிக்கை சொல்லின் நீளம், அடுத்த அடுக்கில் அதில் பாதி, அதற்கடுத்து கால். ஆகவே ஒரு சொல்லுக்கான துண்டுப் பதிவுகள் அதன் நீளத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டாது. சொல்லின் ஒவ்வொரு முன்னொட்டுக்கும் ஒரு பெயர் வேண்டும். 13 எழுத்து முன்னொட்டு என்றால் அது 8, 4, 1 என்ற துண்டுகளின் வரிசை. முன்பு கிடைத்த முன்னொட்டின் பெயரோடு அடுத்த துண்டின் பெயரைச் சேர்த்து அதற்குப் பெயரிடலாம். உரையின் ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வொரு அடுக்கிலும், அங்கே தொடங்கும் துண்டின் பெயரை அட்டவணையில் கேட்டு எழுதிக்கொள்கிறோம். பிறகு ஒவ்வோர் இடமும் மேல் அடுக்கிலிருந்து இறங்குகிறது. 64 எழுத்துகள் பட்டியலில் எங்கேனும் முன்னொட்டாக உண்டா? இல்லையென்றால் 32 உண்டா? உண்டென்றால் அதோடு 16 சேர்ந்தால் உண்டா? ஒரு சொல்லின் முன்னொட்டு ஒன்று பட்டியலில் இருந்தால் அதைவிடக் குறுகிய எல்லா முன்னொட்டுகளும் இருக்கும் என்பதால், இந்த இறக்கம் அந்த இடத்தில் தொடங்கும் மிக நீண்ட முன்னொட்டைத் தவறாமல் கண்டுபிடிக்கிறது. எந்த இடமும் இன்னோர் இடத்தின் விடைக்குக் காத்திருப்பதில்லை.

சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் இப்போது தனி உத்தி எதுவும் வேண்டாம். புதிய சொல்லின் பதிவுகளை அட்டவணையில் இட்டால் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் எத்தனை சொற்கள் அதைப் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கையை வைத்திருந்தால், நீக்கும்போது அதைக் குறைத்து, பூச்சியமானதும் அழித்துவிடலாம். சேர்க்கும் செலவு சொல்லின் நீளத்தைப் பொறுத்தது. பட்டியல் எவ்வளவு பெரியது என்பது ஒரு பொருட்டே அல்ல. 1993-இல் முத்துகிருஷ்ணனும் பாலெமும், 1996-இல் சாஹினால்பும் விஷ்கினும் இந்தப் பெயரிடும் கருத்தை மேலும் நுட்பமாக்கி, கூடுதலாகச் செய்யப்படும் வேலையைக் குறைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு முடிச்சு எஞ்சி நிற்கிறது. மிக நீண்ட முன்னொட்டு கிடைத்துவிட்டது. அதற்குள் முழுச்சொல்லாக இருப்பது எது? ‘மணிமேக’ வரை பொருந்தியது என்றால், ‘மணி’ பட்டியலில் தனிச்சொல்லாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? ஒவ்வொரு முன்னொட்டும் தனக்குள் அடங்கிய மிக நீண்ட முழுச்சொல்லை நினைவில் வைத்திருந்தால் கேள்வி உடனே தீரும். ஆனால் ‘மணி’யைப் புதிதாகச் சேர்க்கும்போது மணிமேகலை, மணிவண்ணன், மணிமுத்தாறு என்று அதன் கீழுள்ள எல்லா முன்னொட்டுகளையும் திருத்த வேண்டிவரும். தோல்விச் சுட்டியில் பார்த்த அதே தொல்லை, இப்போது மரத்தின் ஒரு கிளைக்குள் மட்டும் அடங்கித் திரும்பி வருகிறது. மரத்தில் ஒரு கணுவுக்கு மேலே மிக அருகில் குறியிடப்பட்டிருக்கும் கணு எது என்ற இந்தக் கேள்வி தனியாகவே புகழ்பெற்றது. அல்ஸ்ட்ரப், ஹுஸ்ஃபெல்ட், ரௌஹே ஆகியோர் 1998-இல் இதற்கு ஒரு கீழெல்லையை நிறுவினார்கள்: குறிகளை மாற்றுவது மலிவாக இருக்க வேண்டுமென்றால், கேள்விக்கு விடை சொல்வதைப் பொதுவான மரங்களில் ஓர் எல்லைக்குக் கீழே மலிவாக்க முடியாது. எனக்கு இந்த முடிவு ஒரு விதத்தில் நிம்மதி தருகிறது. மாற்றத்தின் செலவு எங்கோ மறைந்து கிடக்காமல், இன்னது என்று சுட்டிக்காட்டக்கூடிய ஓர் இடத்தில் வந்து சேர்ந்துவிட்டது.

பெயரிடுவதில் இன்னொரு நடைமுறைத் தடை உண்டு. இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் ஒரே சோடியைச் சந்தித்தால், இரண்டும் ஒரே பெயரை இட வேண்டும். அதற்கு அட்டவணையில் பூட்டோ, இடையில் வேறெதுவும் குறுக்கிட முடியாத அணுச் செயலோ தேவைப்படும். கார்ப்பும் ராபினும் 1987-இல் விளக்கிய கைரேகை முறை இந்தத் தடையை நீக்கிவிடுகிறது. ஒரு தொடரை ஒரு பல்லுறுப்புக் கோவையாகக் கருதி, ஒரு பெரிய பகா எண்ணால் வகுத்து மீதியை எடுத்தால், அந்த மீதியே பெயர். யாரும் யாரையும் கலந்துகொள்ளாமல் எல்லா இழைகளும் ஒரே விடையை அடையும். அமீர், ஃபராக், மத்தியாஸ் ஆகியோர் 1992-இல் பட்டியல் தேடலுக்கு இந்த வழியில் சென்றார்கள். இரண்டின் 61-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் பகா எண்ணை வகுஎண்ணாக எடுத்து, அடி எண்ணைச் சமவாய்ப்பில் தேர்ந்தால், ஆயிரம் எழுத்து நீளமுள்ள இரண்டு வெவ்வேறு தொடர்கள் ஒரே கைரேகை பெறும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டாயிரம் இலட்சம் கோடியில் ஒன்றுக்கு மேல் போகாது. அப்படியும் கிடைத்த இடத்தில் எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்வதே நல்லது, அதற்கான செலவு சொற்பம்.

கைரேகையின் இன்னொரு வசதி, முன்தொகை முறையால் உரையின் எல்லா முன்னொட்டுகளுக்கும் கைரேகை எடுத்துவிட்டால், நடுவிலுள்ள எந்தத் துண்டின் கைரேகையும் ஒரு பெருக்கலிலும் ஒரு கழித்தலிலும் கிடைத்துவிடும் என்பது. என் பட்டியலில் பெயர்களின் நீளம் சில பத்துகளுக்குள் அடங்கிவிடுகிறது. அப்படியானால் அடுக்குகளும் வேண்டாம், முன்னொட்டு மரமும் வேண்டாம். நீளவாரியாக ஒவ்வொரு ஹாஷ் அட்டவணை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு கேள்வி கேட்கலாம். முன்னால் ஒரு புளூம் வடிகட்டியை, அதாவது ‘நிச்சயமாக இல்லை’ அல்லது ‘இருக்கலாம்’ என்று மட்டும் சொல்லும் சிறு அமைப்பை, வைத்தால் பெரும்பாலான கேள்விகள் அட்டவணைவரை போகாமலே ‘இல்லை’ என்று திரும்பிவிடும். குறியிடப்பட்ட கணுவைத் தேடும் முடிச்சும் இங்கே எழுவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு நீளமும் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்கிறது. ஆனால் வைரஸ் கையொப்பங்களைப்போல் நீளங்கள் பல்வகைப்பட்டால் இந்த வழி தாங்காது.

ஆட்டோமேட்டனைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு, பென்ட்லியும் சாக்ஸும் 1980-இல் காட்டிய பொதுவழி இருக்கிறது. 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகும் அளவுகளில் பல ஆட்டோமேட்டன்களை வைத்துக்கொண்டு, புதிய சொல் வரும்போது சிறியவற்றை ஒன்றாக்கி அடுத்த அளவில் புதிதாகக் கட்ட வேண்டும். பத்து இலட்சம் சொற்களுக்கு இருபது ஆட்டோமேட்டன்கள் போதும். அவற்றை வெவ்வேறு கோர்கள் ஒரே உரையின்மீது ஓட்டலாம். நடைமுறையில் பலர் இதன் எளிய வடிவமாக, பெரிய நிலையான ஆட்டோமேட்டன் ஒன்றும் அண்மையில் வந்த சொற்களுக்குச் சிறியது ஒன்றுமாக வைத்துக்கொண்டு, வேலை குறைந்த நேரத்தில் பெரியதை மீண்டும் கட்டுகிறார்கள். நீக்கிய சொற்களுக்கு ஒரு விலக்குப் பட்டியல். கோட்பாட்டின் கண்ணுக்கு இது அழகற்றது. ஆனால் ஆட்டோமேட்டன் உரையின்மீது தொடர்ச்சியாக நடக்கும்போது, பெயரிடும் முறை நினைவகத்தில் கண்ட இடங்களுக்கெல்லாம் தாவுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சில பத்து கோர்கள் உள்ள சாதாரணச் சர்வரில் இதைத்தான் நானும் முதலில் பரிந்துரைப்பேன். ஆயிரக்கணக்கான இழைகள் கிடைக்கும்போதும், பட்டியலின் மாற்றம் சில நொடிகளுக்குள் பலித்தாக வேண்டும் என்னும்போதும்தான் கைரேகைப் பக்கம் சாய்வேன்.

எந்த வழியை எடுத்தாலும், தேடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டியல் மாறினால் எது சரியான விடை என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். லினக்ஸ் கெர்னலில் 2002 முதல் இருக்கும் ஆர்சியு உத்தியைப்போல், புதிய பதிப்பைப் பக்கத்தில் கட்டிமுடித்து, ஒரே சுட்டியை மாற்றி, பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் முடித்த பிறகு அதை விடுவிப்பது பொதுவான வழக்கம். ஆட்டோமேட்டனுக்கு அதில் ஒரு தொல்லை உண்டு: வந்துகொண்டிருக்கும் உரை ஓடை ஒன்றைப் பாதி படித்திருக்கும்போது கையிலுள்ள நிலை எண், புதிய பதிப்பில் வேறொரு பொருள் தரும் அல்லது எந்தப் பொருளும் தராது. ஆகவே அந்த ஓடை முடியும்வரை பழைய பதிப்பை உயிரோடு வைத்திருக்க வேண்டும். கைரேகை முறையில் நிலை எண் என்று ஒன்று இல்லாததால், ஒவ்வொரு துண்டும் தான் தொடங்கும்போது நடப்பிலுள்ள பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யும்போது அருகருகான இரண்டு துண்டுகள் வெவ்வேறு பதிப்புகளில் ஓட நேரிடும். ஒரு பெயர் எந்தத் துண்டில் தொடங்குகிறதோ அந்தத் துண்டுக்கே அது சொந்தம் என்று விதித்துவிட்டால், எல்லையில் கிடக்கும் பெயரை இருவரும் அறிவிப்பதும் இருவரும் விட்டுவிடுவதும் நேராது. இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியல் மாறும்போது மிக நீண்ட பெயரின் நீளமும் மாறக்கூடும் என்பதால், எல்லை தாண்டி எவ்வளவு படிப்பது என்பதை உரையை வெட்டிக்கொடுக்கும் நிரல் முன்கூட்டியே தீர்மானிக்கக் கூடாது. துண்டை ஓட்டும் இழையே, தன் கையிலுள்ள பதிப்பைப் பார்த்து, அடுத்த துண்டுக்குள் எத்தனை எழுத்துகள் போகலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.